மைனஸ் ஒன்றரை

ஒன்பது மாடிக்கும் கீழே
தூண்களுக்கிடையில் குனிந்து போகிறாள் அய்தாலினா.
யாகூத்ஸ்க். ஜனவரி. வெளியே நாற்பத்தேழு.
இந்த ஊர்க் குளிர்காலத்தில் அந்த எண்ணுக்கு முன்னால்
யாரும் மைனஸ் சேர்ப்பதில்லை.

மண்ணுக்குள் பத்து மீட்டரில் சேர்த்தாக வேண்டும்.
அங்கே அந்த மைனஸ்தான்
வீட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

துளைக்குள் மூன்று பேர்.
கட்டடத்தோடு வந்தது செம்பு.
பூஜ்யத்தில் ஐம்பது ஓம், மலிவு,
இரண்டே கம்பியில் காலம் தள்ளுகிறது.
பிளாட்டினம் நூறு ஓம்.
விலையைச் சொன்னால் கணக்கர் இருமுவார்.
டிகிரிக்கு அரை ஓம்கூடத் தராத கருமி;
தந்த வாக்கை மாற்றாது.
அப்புறம் மிளகளவு தெர்மிஸ்டர்.
உலோகங்கள் சூடேறச் சூடேற முரண்டு பிடிக்கும்,
இதுவோ சூடேறச் சூடேற இளகிக் கொடுக்கும்.
ஒரு டிகிரி நகர்ந்தால் ஆயிரம் ஓமுக்கு மேல் கொட்டும்.
அந்தக் கொட்டலை எண்ணாக்க
ஒரு மடக்கை வேண்டும், அதன் கனமும் வேண்டும்.
வயதானால் தன் கணக்கைத் தானே மறக்கும் என்று கேள்வி.

இன்று செம்பு சொல்கிறது: மைனஸ் இரண்டு புள்ளி இரண்டு.
மற்ற இரண்டும் ஒன்றரையை ஒட்டி.

"செம்பையே எழுதுங்கள்" என்கிறார்
வீட்டு நிர்வாகி ப்ரொகோபி அலெக்ஸேயெவிச்.
ரோமத் தொப்பிக்குள் பாதி முகம், மீசையில் உறைந்த மூச்சு.
"முப்பது வருஷம் அதைத்தானே நம்பினோம்?
புதிதாக வந்த இரண்டு பேர் ஒத்துப் பேசினால்
உண்மையாகிவிடுமா?"

நியாயம். அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

மூன்றையும் உருவி எடுத்துக்
கொதிகலன் அறைக்குக் கொண்டுபோகிறாள், கேபிளும் கையுமாக.
முற்றத்தில் குடிநீருக்காக அடுக்கிய லேனா நதியின் பாளம் ஒன்று:
சுத்தியலால் நொறுக்கி, பிளாஸ்கில் திணித்து,
கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, உணரிகளை அதில் முக்கிக்
காத்திருக்கிறாள்.
பனிக்கட்டியும் நீரும் ஒன்றாய் இருக்கிற இடத்தில்
எவரும் பேரம் பேச முடியாது.

பிளாட்டினம்: பூஜ்யம்.
தெர்மிஸ்டர்: பூஜ்யம், ஒரு மயிரிழை கூட.
செம்பு: பூஜ்யம்.

ப்ரொகோபி தொப்பியைக் கழற்றுகிறார்.
"பார்த்தீர்களா, கிழவன் சுத்தம்!"

அவள் பதில் சொல்லவில்லை.
காலடியில் சுருண்டு கிடக்கும் செம்பின் கேபிளைப் பார்க்கிறாள்.
பதினைந்து மீட்டர் இருக்கும்.
உணரி பிளாஸ்கிலேயே கிடக்க,
சுருளை மட்டும் கதவிடுக்கால் வெளியே தள்ளிச்
சாத்துகிறாள், சாத்திய மட்டும்.

கீழ்நோக்கி ஊர்கிறது எண்.
மைனஸ் கால். மைனஸ் அரை.
மைனஸ் புள்ளி ஏழில் நிற்கிறது.

பனிக்கட்டி அப்படியேதான் இருக்கிறது. செம்பும் அதனுள்ளேதான்.
கம்பியும் செம்பு என்பதை
இத்தனை நாள் யாரும் யோசிக்கவில்லை.
தெருவின் குளிரை அது தன்பாட்டுக்குப் படித்து
ஆழத்தின் குரலில் சேர்த்துச் சொல்லி வந்திருக்கிறது.
பிளாட்டினத்துக்கு நான்கு கம்பிகள்:
இரண்டு மின்சாரம் சுமக்கும்,
இரண்டு சும்மா கேட்கும்.
தெர்மிஸ்டரின் ஆயிரங்களில்
கம்பியின் அரை ஓம் எந்த மூலைக்கு.

"அப்படியானால் கோடையில் அது சொன்னது?"
"ஏறக்குறையச் சரி."
"கோடையில் நாம் அளந்ததேயில்லையே.
இந்தச் சேற்றில் யார் இறங்குவது?"

சொல்லி முடித்த பிறகுதான்
தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.
கொதிகலன் உறுமுகிறது.
நான்காம் மாடியில் அவர் வீட்டுச் சமையலறைக் கதவு
அக்டோபரிலிருந்து சாத்தவில்லை.
படிக்கட்டு விரிசலின் குறுக்கே ஒட்டிய ஜிப்சப் பட்டையில்
மெல்லிய கோடு விழுந்ததைப்
போன வாரம் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ஏறிப் போனவர்.

"ஒன்றரை தாங்குமா?"
"இன்றைக்குத் தாங்கும்."

பேனாவின் மை உறைந்திருக்கிறது.
கக்கத்தில் வைத்துச் சூடாக்கி அவரே நீட்டுகிறார்.

"செம்பின் கட்டத்தில் என்ன போடுவீர்கள்?"

"அது சொன்ன எண்ணைத்தான்.
பக்கத்தில்
கம்பியின் நீளத்தையும்."